திருப்பிச் சொல்லு தம்பி

இதைக் கதைன்னு நெனச்சுப் படிக்க வந்தவங்க இங்கயே எந்திரிச்சுப் போயிருங்க. பாதியில "இதெல்லாம் நடக்கிற காரியமா"ன்னு என்கிட்ட கேட்டா எனக்குக் கெட்ட கோவம் வரும். கிருபாகரன் என் முன்னால உக்காந்து, பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சொன்னதை ஒரு சொல்லுக் கூட்டாம குறைக்காம சொல்றேன். அவன் பொய் சொல்ற ஆள் இல்ல. சொல்லத் தெரிஞ்சிருந்தா இன்னைக்கு நல்லாத் தூங்கிக்கிட்டு இருப்பான்.

தோட்டத்துப் பேரைக் கேக்காதீங்க. பதுளையிலருந்து ஸ்பிரிங்வெளிப் பக்கமா ஏறுற ரோட்டுல, கடைசி பஸ் திரும்புற இடத்துக்கும் மேல. அங்க ஆபீஸ் கிளாக்கர் கிருபாகரன். வயசு இருபத்தொன்பது. லயத்துலயே, தோட்டத்து வரிசை வீட்டுலயே, பொறந்து வளந்தவன். அவனுக்கு வானிலைக் கிறுக்கு. வங்காளக் கடல்ல எங்க மேகம் கூடுனாலும் போனைத் தூக்கிக்கிட்டு உக்காந்திருவான். வாட்ஸ்அப்ல ஒரு குரூப் வச்சு, இது புயலாகும், இது ஆகாதுன்னு சொல்லிக்கிட்டு இருந்தான். பத்துக்கு ஒன்பது சரியா இருக்கும். ஆனா ஊரு எதை ஞாபகம் வச்சிருக்கும்? அந்த ஒண்ணைத்தான்.

அந்த ஒண்ணு, தீபாவளிக்கு முந்தின வாரம். "புயல் வருது"ன்னு அடிச்சுச் சொன்னான். கீழ் லயத்து முப்பத்தொரு குடும்பமும் சட்டி பானையைத் தூக்கிக்கிட்டு மேல இஸ்கூலுக்கு ஏறி, ரெண்டு நாள் சிமெந்துத் தரையில படுத்துச்சு. புயல் என்னடான்னா வடக்கால திரும்பிப் போயிருச்சு. இங்க வெறும் தூறல். திரும்பி வந்து பாத்தா நாலு வீட்டுக் கோழியைக் காணோம். கீழ் லயத்துத் தலைவர் கணபதி வீட்டு டீவியைக் காணோம். அன்னையிலருந்து கிருபாவுக்குப் பேரு "புஸ்வாணம்". சின்னப் பிள்ளைக கூட அவனைக் கண்டா வாயால "புஸ்ஸ்ஸ்"னு சத்தம் போடும்.

சிரிச்சவங்களுக்கு ஒண்ணு மட்டும் ஞாபகம் வரல. கீழ் லயத்துக்கு மேல இருக்கிற மலையில வெடிப்பு விட்டிருக்கு. கை நுழையிற அளவு வெடிப்பு. அங்க குடியிருக்கக் கூடாதுன்னு அரசாங்கத்துல எழுதிக் குடுத்துப் பதினோரு வருஷம் ஆச்சு. வேற இடம் தர்றோம்னு வந்து நின்னு போட்டோ எடுத்துக்கிட்டுப் போனவங்க எத்தனை பேரு! வெக்கங்கெட்ட ஜென்மங்க. கடைசியில குடுத்தது என்ன தெரியுமா? ஒரு மழை அளக்கிற போத்தல்.

அந்தப் போத்தல்ல மூணு கோடு. எழுபத்தஞ்சு மில்லிமீட்டர்ல மஞ்சள், கவனமா இரு. நூறுல செம்மஞ்சள், மூட்டையைக் கட்டு. நூத்தம்பதுல சிவப்பு, ஓடு. கீழ் லயத்துக் கான் ஓரமா, தண்ணி ஓடுற வாய்க்கால் பக்கத்துல, ஒரு கம்பத்துல அதை மாட்டியிருந்தாங்க. அளக்கிறது மாரியாயி அக்கா. கொழுந்து எடுக்கிறவங்க, அம்பது வயசு, மகளைக் கட்டிக் குடுத்துட்டுத் தனியாள். கீழ போன் சிக்னல் கிடையாது. அதனால தினமும் காலையில எட்டரைக்கு, கம்பத்துகிட்ட நின்னு மேல பாத்துக் கூவும். ஆபீஸ் ஓரத்துல நிக்கிற கிருபா அந்த எண்ணைத் திருப்பிக் கூவணும். தப்பாக் கேட்டுறக் கூடாதுல்ல, அதுக்குத்தான். அவன் திருப்பிச் சொல்ற வரைக்கும் அக்கா விடாது. "திருப்பிச் சொல்லு தம்பி!"ன்னு நின்னுக்கிட்டே இருக்கும்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன்.

ரெண்டு வருஷத்துக்கு முந்தி, அதே தீபாவளி கழிஞ்ச கார்த்திகை மாசம், ஒரு புதன்கிழமை. இங்க நல்ல வெயில். கடல்ல மட்டும், திருகோணமலைக்குத் தென்கிழக்கே, ஒரு மேகக் கூட்டம் ரெண்டு நாளாச் சுத்திக்கிட்டு நின்னுச்சு. காலையில பெரட்டுக் களத்துல, வேலைக்கு ஆள் பிரிக்கிற நேரத்துல, எல்லாருக்கும் முன்னால வச்சே தோட்டத்து மேனேஜர் துரை கேட்டாரு.

"கிருபா, இது புயலாகுமா, ஆகாதா? நாலு மணிக்குள்ள சொல்லு. ஆகும்னா கீழ் லயம் இஸ்கூலுக்கு. இல்லைன்னா நாளைக்கு எல்லாரும் மலைக்குக் கொழுந்தெடுக்க."

"புஸ்வாணத்துக்கிட்டயா கேக்குறீங்க?"ன்னாரு கணபதி. களமே சிரிச்சுச்சு.

கிருபாவுக்குக் காது சூடாயிருச்சு. அப்பவே மனசுக்குள்ள முடிவு பண்ணிட்டான், ஆகாதுன்னு. கோவத்துல மட்டும் இல்ல, கணக்கும் அப்படித்தான் இருந்துச்சு. கடல்ல மேகம் கூடுறதெல்லாம் புயல் இல்ல. காத்து ஒரு வட்டமா மூடணும். அது இன்னும் மூடல. மேல ஓடுற காத்து வேற மேகத்தைப் பிச்சு ஒரு பக்கமாத் தள்ளிக்கிட்டு இருந்துச்சு. காத்தடிக்கிற வாசல்ல அடுப்பு மூட்டுனா எப்படிப் பத்தும்? ஒரு கணிப்பு புயல்னுச்சு, இன்னொண்ணு கலைஞ்சிரும்னுச்சு. ரேடியோவுல "அவதானமா இருங்க"ன்னு மட்டும். இந்தத் தடவை நான் அசிங்கப்பட மாட்டேன்னு இருந்தான் அவன்.

காலை எட்டு முப்பது. பழக்கத்துல ஆபீஸ் ஓரத்துக்குப் போனான். போனதுக்கப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு, மாரியாயி அக்கா ஊர்லயே இல்லைன்னு. மக சுஜீவாவுக்குப் பிள்ளைப்பேறு, திங்கக்கிழமையே பதுளை ஆஸ்பத்திரிக்குப் போயிருச்சு. திரும்பப் போனவன் காதுல விழுந்துச்சு.

"எழுபத்தஞ்சு..."

கீழருந்து. பொம்பளக் குரல்.

வானத்தைப் பாத்தான். ஒரு மேகம் இல்ல. ஆபீஸ் மழைமானி எலும்பாட்டம் காஞ்சு கிடக்கு.

"எழுபத்தஞ்சு... திருப்பிச் சொல்லு தம்பி..."

கேலி பண்றாளுக. எவளோ அக்கா மாதிரிக் கூவிக் காட்டுறா. கிருபா காறித் துப்பிட்டு உள்ள போயிட்டான்.

ஆனாலும் மனசு கேக்கல. எட்டு அம்பதுக்கு அக்காவுக்குக் கோல் எடுத்தான். ஒரே மணியில தூக்குச்சு.

"தம்பி! பொம்பளப் பிள்ளை! என்னைய மாதிரியே மூக்கு!"

"நல்லதுக்கா. இங்க எவளோ உங்களை மாதிரி மழைக்கணக்குக் கூவுறா."

"எவ அவ? நான் வேணா வந்துரவா தம்பி?"

"வேணாம், வேணாம். இங்க மழையே இல்ல. பேத்தியைப் பாத்துக்கிட்டு இருங்க."

அக்கா சிரிச்சுச்சு. அந்தச் சிரிப்பை இன்னைக்கும் அவன் சொல்லும்போது கையால முகத்தை மூடிக்கிறான்.

பதினொண்ணு நாப்பது. ஆபீஸ் சன்னல் வழியா...

"நூறு..."

பக்கத்து மேசையில டைப் அடிச்சுக்கிட்டு இருந்தா ஹம்ஸியா. "கேட்டுச்சா?"ன்னான்.

"என்னது?"

"கீழருந்து கூவுறாங்க."

ஹம்ஸியா கொஞ்ச நேரம் காதைக் குடுத்தா. "ஒண்ணும் கேக்கலயே"ன்னா. அவ சொல்லி வாய் மூடல, திரும்பவும் கேட்டுச்சு. அவ பாட்டுக்கு டைப் அடிச்சுக்கிட்டு இருந்தா.

ரெண்டே கால். "நூத்தம்பது..."

சிவப்புக் கோடு. இப்ப குரல் மாறியிருந்துச்சு. தொண்டை கட்டிப்போன குரல். விடிய விடியக் கத்துன ஆளோட குரல்.

மூணு மணிக்கு மேல பனி இறங்குச்சு. எதிர மலை மறைஞ்சுது. தேயிலை மறைஞ்சுது. குரல் மட்டும் மறையல.

"நூத்தி எண்பது..."

"இருநூத்திப் பத்து..."

"இருநூத்தி அம்பத்தஞ்சு... காது செவிடாடா உனக்கு... திருப்பிச் சொல்லு..."

கோவத்துல கூவுச்சு அது. அடேங்கப்பா, அப்படி ஒரு கோவம். கிருபாவுக்கு மட்டும் கோவம் இல்லையா? மூணு இருபதுக்கு நாற்காலியைத் தள்ளிவிட்டு எந்திரிச்சான். போன் மேசையில சார்ஜ்ல கிடந்துச்சு. அதைக்கூட எடுக்கல. எவளா இருந்தாலும் இன்னைக்கு இழுத்துட்டு வந்து துரை முன்னால நிறுத்துறேன்னு கீழ் லயத்துப் படியில இறங்குனான்.

இருநூத்திப் பதினாலு படி. எல்லாம் காஞ்ச படி.

நூறு படி தாண்டுனதும் கால் வழுக்குச்சு.

குனிஞ்சு பாத்தான். படி ஈரம்.

அதுக்குக் கீழ, ஒவ்வொரு படியிலயும் தண்ணி. மேலருந்து ஓடி வந்த தண்ணி மாதிரி இல்ல. சும்மா... இருந்துச்சு.

கான்ல சத்தம் கேட்டுச்சு. சளசளன்னு வெள்ளம் போற சத்தம். எட்டிப் பாத்தான். கான்ல காஞ்ச சருகுதான் கிடந்துச்சு.

லயத்துல ஒரு ஆள் இல்ல. பொம்பளைங்க மலையில, பிள்ளைக இஸ்கூல்ல. முப்பத்தொரு கதவும் சாத்தி இருந்துச்சு.

கம்பத்துகிட்ட ஒரு பொம்பள நின்னா.

முதுகு இந்தப் பக்கம். இடுப்புல கொழுந்துக்காரிங்க கட்டுற படங்குச் சாக்கு. தலைக்கு மேல கறுப்பு மழை உறை. முழங்கால் வரைக்கும் சேறு.

காத்து இல்ல. ஒரு இலை ஆடல.

அவ உறை மட்டும் படபடபடன்னு அடிச்சுக்கிச்சு.

"முன்னூத்தி... எட்டு..."

கிருபா கையில கட்டுன மணிக்கூட்டைப் பாத்தான். மழை அளக்கும்போது நேரம் பாக்கிற பழக்கம். மூணு முப்பத்தொண்ணு.

"முன்னூத்தி எட்டு... திருப்பிச் சொல்லு... திருப்பிச் சொல்லு... யாராச்சும் திருப்பிச் சொல்லுங்களேன்..."

பனிக்குள்ள இருந்து கூப்பிட்டா வாயைத் திறக்கக் கூடாதுன்னு லயத்துல பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். பயமும் கோவமும் சேந்தவனுக்கு எது தெரியும்? இவன் கத்துனான். வயித்துலருந்து கத்துனான்.

"முன்னூத்தி எட்டு! கேட்டுச்சு! போதுமா? போயித் தொலை!"

உறை அடிக்கிற சத்தம் நின்னுச்சு.

கான் சத்தம் நின்னுச்சு.

கம்பத்துகிட்ட யாரும் இல்ல.

போத்தலைக் கழட்டிப் பாத்தான். உள்ள சிலந்தி வலை. பொட்டுத் தண்ணி இல்ல. காலடி மண்ணு புழுதியா இருந்துச்சு. ஒரு கால் தடம் இல்ல. திரும்பி மேல ஏறும்போதுதான் குளிர் தெரிஞ்சுது. சட்டையைத் தொட்டுப் பாத்தான். முன்பக்கம் பிழியிற ஈரம். முதுகு காஞ்சிருந்துச்சு.

மூணு அம்பத்திரண்டுக்குத் துரை அறையில நின்னான்.

"புயலாகும்."

"காலையில உன் முகம் ஆகாதுன்னுச்சே?"

"இப்ப ஆகும்னு சொல்றேன்."

"எதை வச்சு?"

வட்டம் மூட ஆரம்பிச்சிருச்சுன்னு ஒரு பொய்யைச் சொன்னான். கீழ் லயத்துல என்ன பாத்தான், என்ன கத்துனான், எதையும் சொல்லல. துரை அவன் ஈரச் சட்டையைப் பாத்தாரு.

"போன தடவை மாதிரி ஆனா உனக்கு இங்க வேலை இல்ல. எழுதிக் கையெழுத்து வை."

வச்சான். பொண்டாட்டி, கைப்பிள்ளை, குவாட்டர்ஸ், எல்லாத்தையும் அந்த ஒரு கையெழுத்துல வச்சான்.

நாலரைக்குக் கீழ் லயத்துல சண்டை. காஞ்ச தரையைக் காட்டிக் கேக்குறாங்க, "எங்கடா மழை?"ன்னு. கணபதி அவன் சட்டையைப் பிடிச்சாரு. "இன்னொரு தடவை எங்க கோழி போகணுமா, நாயே?" கிருபாவும் விடல. வீடு வீடாப் போயிக் கதவை உதைச்சான், பாயைச் சுருட்டி வெளிய எறிஞ்சான். "நாளைக்குப் புயல் வரலைன்னா என்னைய செருப்பால அடிங்க! இன்னைக்கு ஏறித் தொலைங்க!" ஏசிக்கிட்டேதான் ஏறுனாங்க. அவனோட ஏழு தலைமுறையையும் இழுத்து ஏசுனாங்க.

இஸ்கூல்ல பேரு வாசிச்சுப் பாத்தான். கீழ் லயத்துல மொத்தம் நூத்திப் பதினெட்டுப் பேரு. நூத்திப் பதினேழு பேரு இருந்தாங்க. மாரியாயி, பதுளை ஆஸ்பத்திரி. அவனே தன் கையால சரி போட்டான்.

ஆறே முக்காலுக்குத்தான் போனை எடுத்தான். மூணு மிஸ்ட் கோல். மூணும் அக்கா. மூணு முப்பத்தி நாலு, முப்பத்தாறு, நாப்பத்தொண்ணு. பேத்தி கதை சொல்லத்தான் எடுத்திருக்கும்னு நெனச்சான். திருப்பி எடுத்தான், லைன் போகல.

ஏழு நாப்பதுக்கு முதல் துளி விழுந்துச்சு.

அதுக்கப்புறம் அது மழை இல்ல. ராத்திரியோட ராத்திரியாக் கடல்ல வட்டம் மூடியிருச்சு. விடியும்போது அதுக்குப் பேரும் வச்சிட்டாங்க.

வியாழன், காலை எட்டு முப்பது. காத்துல குனிஞ்சு குனிஞ்சு ஆபீஸ் மழைமானிக்குப் போனான். நிறைஞ்சு வெளி டப்பாவுலயும் தண்ணி. ஊத்தி ஊத்தி அளந்தான். ரெண்டு தரம் அளந்தான்.

முன்னூத்தி எட்டு.

அந்தச் சேத்துலயே உக்காந்துட்டான். கீழ பாத்தான். வெள்ளையாப் பனியும் மழையும். கீழருந்து எந்தக் குரலும் கேக்கல. காத்து இரைச்சல் மட்டுந்தான். யாரு கூவப் போறாங்க, லயத்துலதான் ஆளே இல்லையே.

ஒன்பது அஞ்சு. மலை வந்துச்சு. லொறியில கல்லைக் கொட்டுற சத்தம் மாதிரி ஆரம்பிச்சு, நிக்கவே இல்லைங்க அது. நின்னப்போ முப்பத்தொரு வீடும் இருந்த இடத்துல செம்மண்ணுதான் இருந்துச்சு.

புஸ்வாணம்னு சொன்ன வாயெல்லாம் சாமின்னுச்சு. கணபதி வந்து அவன் காலைப் பிடிச்சாரு. ரெண்டு நாள் அவன்தான் கடவுள்.

சனிக்கிழமை சாமான் தேடி மண்ணைத் தோண்டுனவங்க ஒரு உடம்பை எடுத்தாங்க. எல்லாரும் திகைச்சுப் போயிட்டாங்க, ஆள் யாரும் குறையலயேன்னு. வீட்டு மண்ணுல இல்ல, கான் ஓரத்துல, கம்பத்தைக் கட்டிப் பிடிச்சபடி. கறுப்பு மழை உறை. ஒரு கையில போத்தல்.

மாரியாயி அக்கா.

பதுளையில இருந்த ஆள் எப்படி வந்துச்சு? பஸ் கண்டக்டர் சொன்னாரு. புதன் ராத்திரிக் கடைசி பஸ்ஸுலதான் இடம் கிடைச்சு ஏறுச்சாம். மண்ணு விழுந்து ஏழு கட்டைக்கு, அதான் ஏழு மைலுக்கு, முந்தியே பஸ் நின்னுருச்சாம். "போகாதீங்கம்மா"ன்னாராம். கேக்காம இருட்டுல, கொட்டுற மழையில நடந்திருக்கு. விடிய வந்து சேந்திருக்கும். லயம் காலி. மேல ஏறுற படியில வெள்ளம். ஆளுங்க எல்லாம் தூங்குறாங்கன்னு நெனச்சுதோ, அடிபட்டுக் கிடக்கிறாங்கன்னு நெனச்சுதோ... கம்பத்துகிட்ட நின்னு அளந்து அளந்து கூவியிருக்கு. காத்துல ஒருத்தருக்கும் கேக்கல.

ஞாயித்துக்கிழமை, இஸ்கூல் மண்டபத்துல பெட்டி. சுஜீவா அஞ்சு நாள் பச்சப்பிள்ளையோட வந்தா. அவ அழல. நேரா கிருபாகிட்ட வந்தா. கண்ணு ரெண்டும் நெருப்பா இருந்துச்சு.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும்."

"கேளும்மா."

"அம்மா பிள்ளையை மடியில வச்சபடியே கண்ணசந்துச்சு. திடுக்குன்னு முழிச்சுச்சு. 'கிருபா தம்பி ஏசுதுடி, முன்னூத்தி எட்டாம்டி, லயம் போயிரும், ஆளுங்களை எழுப்பணும்'னுச்சு. கனவும்மான்னேன். கேக்கல. உங்களுக்கு மூணு தரம் எடுத்துச்சு. நீங்க தூக்கல. பிள்ளையை என் கையில போட்டுட்டு ஓடிருச்சு."

கிருபா அந்த எண்ணை யாருகிட்டயும் சொன்னதில்ல. துரைக்கு எழுதிக் குடுத்த கடுதாசியிலயும் இல்ல.

"எத்தனை மணிக்கும்மா?" கிருபா கேட்டான்.

"நர்ஸ் மருந்து குடுத்துட்டு நேரம் எழுதிக்கிட்டு இருந்தாங்க. மூணு முப்பத்தொண்ணு."

அவ ஒரு அடி கிட்ட வந்தா. கையிலருந்த பிள்ளை அழ ஆரம்பிச்சுச்சு. அவ அதைப் பாக்கல.

"எங்கம்மாவை யாரும் அப்படிப் பேசினதில்லண்ணே. அது என்ன தப்புப் பண்ணுச்சுன்னு 'போயித் தொலை'ன்னீங்க?"